ஒரு ரிங்

எங்கள் குடும்பத்தில் ஃபோன் அடித்தால் யாரும் எடுக்க மாட்டோம். கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் கல்ஃபில் இருந்த பாதிப் பேர் அப்படித்தான் இருந்தோம். எங்கள் வீட்டில் அது அண்ணன் கிளிட்டஸ் போட்ட சட்டம். ஒரு ரிங் என்றால் கரைக்கு வந்தாச்சு, சுகம். இரண்டு ரிங் என்றால் பேச வேண்டும், கார்டு வாங்கிக் கூப்பிடு. அதற்கு மேல் அடித்தால் அவனுக்குக் கட் பண்ண மறந்துவிட்டது என்று அர்த்தம். தப்பித் தவறி எடுத்துவிட்டால் போச்சு, காசு ஓட ஆரம்பித்துவிடும். "எடுத்தியா? என்னத்துக்குலே எடுத்த?" என்று ஆரம்பிப்பான். ஏன் எடுத்தாய் என்று கேட்டே முழு நேரத்தையும் தீர்த்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிடுவான்.

நான் விஜின். துபாயைத் தாண்டிப் புஜைராவில் எண்ணெய் டேங்குகளுக்குப் பம்ப் பார்க்கிற மெக்கானிக். அண்ணன் மனைவி ஜெஸ்மி மைனி குவைத்தில் நர்ஸ், ஃபர்வானியாவில் ரூம். அம்மாவும் அண்ணனின் மகள் சுபிஷாவும் குளச்சல் பக்கம் ஊரில். அண்ணனும் முதலில் என்னோடு புஜைராவில்தான் இருந்தான். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகிற போட்டில் வேலை. பிறகு ஒரு ஏஜென்ட் பிடித்து அயர்லாந்துக்கு, மீன்பிடி போட்டுக்குப் போனான். அங்கே கில்வாரா என்று ஒரு சின்னக் கடற்கரை ஊர். குளிருமே என்றேன். "கடல் எங்க போனாலும் கடலுதாண்டே. உனக்கு எங்க போனாலும் வாந்தி, எனக்கு எங்க போனாலும் மீனு" என்றான். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன் நான். அதை அவன் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

இரண்டாயிரத்து எட்டு ஜனவரி. ஒரு நாள் மதியம் மைனி வார்டில் மருந்துத் தட்டோடு நிற்கும்போது யூனிஃபார்ம் பையில் ஃபோன் ஒரு தடவை அதிர்ந்து நின்றது. வேலை முடிந்து எடுத்துப் பார்த்தால் அண்ணன் நம்பர். சிலுவை போட்டுக்கொண்டு எனக்கு ஒரு ரிங் விட்டாள். நான் ஊருக்கு ஒரு ரிங் விட்டேன். எங்கள் வீட்டுச் சந்தோஷச் செய்தி இப்படித்தான் கடல் தாண்டிப் போகும். அம்மா அதைக் கேட்ட பிறகுதான் சோறு தின்றாளாம்.

அன்று சாயங்காலம் கில்வாரா பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். தெரியாத நம்பர் என்பதால் எடுத்தேன். அண்ணன் வேலைக் காகிதத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்தானாம். 'நோரீன்' என்ற அந்தப் போட்டு விடியற்காலையில் துறைமுகத்துக்குத் திரும்பும்போது பாறையில் மோதி மூழ்கிவிட்டது. போட்டில் மூன்று பேர். ஓட்டிவந்த ஸ்கிப்பரையும் அவர் தம்பி மகனையும் எடுத்துவிட்டார்கள், இரண்டு பேரும் உயிரோடு இல்லை. உங்கள் அண்ணனைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்.

மைனியிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அவள் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"விடியக்காலம் முங்கிச்சுண்ணா சொல்லுதாவ? நமக்கு மத்தியானம்லா ரிங் வந்துச்சு. அங்க அப்ப காலம்பற ஒம்பது மணி. போட்டு முங்கி எத்தன நேரம் கழிச்சு? அவிய கரையேறிட்டாவ, விஜின். கரையேறாம ரிங் விடமாட்டாவ."

நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. உடனே அண்ணனுக்கு அடித்தேன். முழு ரிங் போயிற்று, எடுக்கவில்லை. மைனியும் விடாமல் அடித்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. மறுநாள்தான் ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது.

தண்ணீரில் விழுந்த ஃபோன் எப்படி அடிக்கும் என்று கேட்கலாம். அதற்கும் மைனியிடம் பதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை போட்டுக் கொடுக்கிற ஜிப் கவரில் பெரிய சைஸ் ஒன்றை அண்ணனுக்கு அவள்தான் கொடுத்திருந்தாள். ஃபோனை அதில் போட்டு, அழுத்தி மூடி, ஜாக்கெட்டின் உள்பையில் வைத்துக்கொண்டுதான் அவன் கடலுக்குப் போவான். கரைக்கு வந்ததும் பிரித்து ஒரு ரிங் விடுவான். அதனால் மைனிக்குச் சந்தேகமே இல்லை. எங்கோ பாறை இடுக்கிலோ ஆளில்லாத கொட்டகையிலோ காலை ஒடித்துக்கொண்டு கிடக்கிறான். கையை நீட்டி ஒரு ரிங் விட்டான். பிறகு மயக்கம் போட்டிருப்பான். பிறகு பேட்டரி தீர்ந்திருக்கும்.

சாமியாரும் அந்த ஊர்க்காரர்களும் சேர்ந்து யாரை யாரையோ பிடித்து எங்கள் இரண்டு பேருக்கும் அவசர விசா வாங்கிக் கொடுத்தார்கள். மைனி துபாய்க்கு வந்தாள். ஏர்போர்ட்டில் அவள் பையைத் தூக்கினேன், கனமாக இருந்தது. உள்ளே துணி இல்லை. காயத்துக்குக் கட்டுப் போடும் துணி, மருந்து, ஊசி, எலும்பு முறிந்தால் வைத்துக் கட்டுகிற பட்டை. வழியில் செக்கிங்கில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். மீதியை அவள் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

டப்ளினிலிருந்து பஸ்ஸில் அரை நாள். அந்த நாட்டில் மழை பெய்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள், ஆனால் சட்டை நனைந்திருக்கும். நான் புஜைரா கடையில் வாங்கிய ஜாக்கெட் பாலைவனத்துக் குளிருக்குச் செய்தது, அங்கே அது வெறும் சட்டை. கில்வாராவில் ஒரே தெரு. வீட்டுக்கு ஒரு நிறம், நீலம், மஞ்சள், சிவப்பு. தெரு முடிகிற இடத்தில் மீன் இறக்கும் கல்பாலம். திருப்பத்தில் பாறையைக் குடைந்து மாதாவை நிறுத்தியிருந்தார்கள், எங்கள் ஊரில் தெருவோரம் இருக்கும் குருசடி போல. மாதா கடலைப் பார்த்து நின்றாள். மைனி பஸ்ஸை விட்டு இறங்கி முதலில் அங்கே போய்த்தான் முட்டிபோட்டாள்.

பாலத்தில் ஆண்கள் பைகளில் கைவிட்டுக்கொண்டு பேசாமல் கடலைப் பார்த்து நின்றார்கள். கட்டியிருந்த போட்டுகள் ஒன்றும் அசையவில்லை. எங்கள் ஊரிலும் ஒருத்தன் திரும்பவில்லை என்றால் ஒரு வள்ளமும் தொழிலுக்கு இறங்காது. இந்த வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் போல. பக்கத்துத் துறைமுகங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து தேடினார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் ரொட்டி வெட்டி, டீ போட்டு, வருகிறவன் போகிறவன் கையிலெல்லாம் திணித்தார்கள். அந்த ரொட்டியும் வெண்ணெயும் எனக்கு வாயில் வைக்க முடியவில்லை. ஆனாலும் தின்றேன்.

அண்ணன் தங்கியிருந்தது பெக் என்ற கிழவியின் வீட்டு மாடி அறையில். எங்களையும் அங்கேயே தங்க வைத்தார்கள். மைனிக்கு அண்ணனின் அறை, எனக்குக் கீழே சோபா. பெக் எழுபது தாண்டியவள். குச்சி மாதிரி இருப்பாள், நடை மட்டும் விறுவிறுவென்று இருக்கும். பஸ் நிறுத்தத்துக்கு அவள்தான் வந்திருந்தாள். மைனி அவள் கையைப் பிடித்துச் சிரித்து, "என் ஹஸ்பெண்ட் எனக்கு ஃபோன் பண்ணினார். அவர் கரையில் இருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பெக் ஒன்றும் பேசவில்லை. குளிரில் வாய் வரவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து எங்கள் வேலை ஊரைச் சுற்றுவது. சுற்றிப் பார்க்க வந்தவர்கள் பார்க்கிற எல்லா இடத்தையும் நாங்களும் பார்த்தோம். கூரை போன பழைய தேவாலயம். சிலுவைக்கல் எல்லாம் சாய்ந்து நிற்கிற கல்லறைத் தோட்டம். ஒரு புனிதருடைய கிணறு, அதைச் சுற்றி முள்மரத்தில் வேண்டுதலுக்குக் கட்டிய துணிகள். முனையில் லைட் ஹவுஸ். கல் அடுக்கின வேலிகள், வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு, மறுபடியும் வேலி. மைனி ஒவ்வொரு வேலியிலும் ஏறிக் குதித்தாள். ஒவ்வொரு ஆட்டுக் கொட்டகைக்குள்ளும் தலையை விட்டு, "கேக்குதா? நான் ஜெஸ்மி" என்றாள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை. அதனால் தன் பெயரையே சொல்லிக் கூப்பிட்டாள். பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை.

தேடுகிறவர்கள் கடலைத்தான் பார்த்தார்கள். மைனி அவர்களோடு மல்லுக்கு நின்றாள். அண்ணனின் ஃபோன் கடைசிவரை இந்த ஊர் டவரில்தான் இருந்திருக்கிறது என்று போலீஸ்காரர்கள் சொன்னதும் அவள் பேச்சுக்குப் பலம் வந்துவிட்டது. டவர் கடலையும் சேர்த்துத்தான் எடுக்கும் என்று அவர்கள் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் பாதிப் பேர் கம்பை ஊன்றிக்கொண்டு வயல் வயலாக நடந்தார்கள். பெக் ஹாலில் ரொட்டி வெட்டினாள். அவள் வெட்டிய துண்டுகள் ஒன்றும் ஒழுங்காக இல்லை என்பதைப் பார்த்தேன். வயசாகிவிட்டது என்று நினைத்தேன்.

செத்துப்போனவர்களுக்காக அன்று வைத்த பூசைக்கு முன்னால் சாமியார் மைனியிடம் வந்து, மூன்று பெயரையும் வாசிக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு பேரை வாசிங்க" என்றாள். "மூணாவது ஆள் இருக்கார்."

அவர் இரண்டு பெயரைத்தான் வாசித்தார். ஸ்கிப்பரின் மனைவி முன் வரிசையிலிருந்து திரும்பி மைனியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பொறாமை மாதிரி ஏதோ இருந்தது.

அம்மாவிடமும் மைனி அதையேதான் சொல்லி வைத்திருந்தாள். ஊரில் சாமியார் வந்து ஜெபம் சொல்லக் கேட்டதற்கு அம்மா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். கரையேறின மகனுக்கு எதுக்கு ஜெபம் என்று கேட்டிருக்கிறாள். எனக்குள் ஒரு பக்கம் நம்பியது, ஒரு பக்கம் அண்ணனைத் திட்டியது. கிடக்கிறவன் ஒழுங்காக ஊருக்குப் பக்கத்தில் கிடக்கக்கூடாதா, இந்தக் குளிரில் அவளை இப்படி அலைக்கழிக்கிறானே என்று.

அடுத்த வாரம் தேடுகிறவர்கள் குறைந்தார்கள். ஞாயிறு அன்று பாலத்தில் பூசை வைத்து, கடலில் மலர்வளையம் விட்டு, தேடுதலை முடித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அதற்கு மறுநாள் எங்கள் டிக்கெட். மைனி தான் வரவில்லை என்றாள். வேலை போனால் போகட்டும், விசா முடிந்தால் பிடித்து உள்ளே போடட்டும், அவர் இல்லாமல் பஸ் ஏற மாட்டேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மைனி குளிக்கப் போயிருந்தபோது பெக் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். மேசை டிராயரை இழுத்து, மடித்து வைத்த துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு ஃபோனை எடுத்து என் முன்னால் வைத்தாள். பின்பக்கம் மாதா ஸ்டிக்கர் ஒட்டிய பழைய நோக்கியா. அதன் பக்கத்தில் ஒரு ஜிப் கவர்.

அவன் வந்திருக்கிறான், இவள் எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். புத்தி அப்படித்தான் போனது.

"அவன் அன்றைக்கு இதை மறந்துவிட்டுப் போய்விட்டான்" என்றாள் பெக். "ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"காலையில் போலீஸ்காரர் வந்து போட்டு போய்விட்டது என்றார். அவன் மனைவிக்கு யார் சொல்வது என்று நினைத்தேன். போட்டோ காட்டியிருக்கிறான், பெயர் சொல்லியிருக்கிறான். நான் இந்த ஊர் தபாலாபீஸ் டெலிபோன் போர்டில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். எத்தனை சாவுச் செய்தியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கனெக்ட் பண்ணியிருக்கிறேன். என் வாயால் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் பட்டனை அழுத்தினேன். ஒரு தடவை அடித்தது. என்னால் முடியவில்லை. வைத்துவிட்டேன்."

ஒரு தடவை அடித்தது. அவளுக்கு அது வெறும் தைரியம் போன நேரம். அந்த ஒரு ரிங்கில் நாங்கள் மூன்று நாட்டில் சிலுவை போட்டுக்கொண்டோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"பிறகு அது அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. டிராயரில் போட்டு மூடினேன். துணியைப் போட்டு மூடினேன். தானாக நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்."

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அவள் ஆட்டுக் கொட்டகைக்குள்ளெல்லாம் புகுந்து தேடுகிறாள். ஊரே வயலில் நடந்தது. நீங்கள் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தீர்கள்."

"பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்துச் சிரித்தாள்" என்றாள் பெக். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். கிழவி என்று பார்த்தேன், அவள் வீட்டுச் சோற்றைத் தின்றதை நினைத்தேன். ஒரு ரிங் என்றால் எங்களுக்கு என்ன என்பதை மட்டும் விளக்கிச் சொன்னேன். அவளுக்குத் தண்டனையாக அது போதும் என்றுதான் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது.

ஃபோனையும் கவரையும் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மைனியிடம் சொல்ல மாடிக்குப் போனேன். அவள் ஈரத்தலையோடு ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லைட் ஹவுசுக்கு அங்கிட்டு ஒரு இடிஞ்ச கட்டடம் கெடக்காம், கேட்டியா? பழைய காவல் வீடாக்கும். அங்க ஆரும் பாக்கல்ல. நாளைக்கு வெளிச்சம் வந்ததும் போவோம்."

"சரி மைனி" என்றேன்.

கீழே வந்து சோபாவில் உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து பெக் எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நான் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கப் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை இருவரும் நடந்தோம். மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதை, கீழே கடல். காற்று அடித்த அடியில் நேராக நிற்க முடியவில்லை. 'நோரீன்' மோதிய பாறை அங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது. துறைமுகத்துக்கும் அதற்கும் கூப்பிடு தூரம்தான். மைனி அதைப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், மருந்துப் பை தோளில். அந்த இடிந்த கட்டடம் கண்ணுக்குத் தெரிந்ததும் அவள் நடை வேகமானது. ஓடினாள் என்றே சொல்லலாம். அதற்கு மேல் என்னால் அவளை ஓடவிட முடியவில்லை.

"மைனி, நில்லுங்க."

திரும்பினாள். ஜாக்கெட்டுக்குள் கைவிட்டு, முதலில் கையில் அகப்பட்டதை எடுத்து நீட்டினேன். அந்த ஜிப் கவர்.

பறந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதலில் அவள் முகம் மலர்ந்தது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிறகு வார்டில் எதையாவது பரிசோதிப்பது போல வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டு மூலையைத் தடவினாள்.

"உப்பு இல்லியே" என்றாள். "இது தண்ணியே தொடல்லியே, விஜின்."

நான் ஃபோனை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"அப்ப எனக்கு ஆரு அடிச்சா?"

சொன்னேன். காற்றில் கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சாவைக் கத்திச் சொல்வது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. அவள் அசையாமல் கேட்டாள். பிறகு முதல் தடவையாக அந்தப் பாறையைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இம்புட்டுக் கிட்டத்திலயா" என்றாள்.

அந்த இடிந்த கட்டடத்துக்கு நாங்கள் போகவில்லை. வழியில் பையை நான் வாங்கிக்கொண்டேன், கொடுத்துவிட்டாள்.

பெக் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் உள்ளே வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அடி வாங்கத் தயாராக நிற்கிறவள் போல நின்றாள். மைனி ஃபோனை மேசையில் வைத்தாள். மைனியின் ஆங்கிலம் ஆஸ்பத்திரி ஆங்கிலம், நோயாளியிடம் பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தித்தான் வரும். அன்றைக்கும் அப்படித்தான் பேசினாள்.

"நீங்கள் ஒரு ரிங்கில் வைத்தீர்கள். வைக்காமல் முழுசாக அடித்திருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் யாரும் எடுக்க மாட்டோம். அவரே சாகிற நேரத்தில் கூப்பிட்டிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன்."

பெக்குக்கு முழுவதும் புரிந்ததா என்று தெரியாது. நாற்காலியை விட்டுவிட்டு வந்து மைனியைக் கட்டிக்கொண்டாள். மைனி கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு மரம் போல நின்றாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. போட்டு போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் ஊர்ப் பெண்கள் அழுவது போல, அவனைச் சொல்லி, தன்னைச் சொல்லி, பிள்ளையைச் சொல்லி, தமிழில் அழுதாள். பெக் ஒரு வார்த்தை புரியாமல் கூடவே அழுதாள். அந்தக் கிழவிமேல் எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அவளை விலக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

அழுது ஓய்ந்ததும் மைனி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"சாமியார்ட்ட போயி மூணு பேரையும் வாசிக்கச் சொல்லு" என்றாள். "அம்மாட்ட நீ பேசு. எனக்கு ஏலாது."

பேசினேன். இரண்டு ரிங் விடவில்லை, கார்டு வாங்கி நேராகப் பேசினேன். ஃபோன் வெகுநேரம் அடித்தது. அம்மா எடுக்கவில்லை. அவளுக்கு அதுதானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்கு அடித்து அவளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவள் என்ன சொன்னாள் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் மூன்று பெயரையும் வாசித்தார்கள். கிளிட்டஸ் என்பதைச் சாமியார் நன்றாகவே உச்சரித்தார், முந்தின நாள் என்னிடம் கேட்டுப் பழகியிருந்தார். ஸ்கிப்பரின் மனைவி வந்து மைனியின் பக்கத்தில் நின்றாள். மலர்வளையத்தைத் தண்ணீரில் விட்டதும் போட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. மைனி அந்த ஜிப் கவரைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தாள். கடலில் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. மறுநாள் காலையில் பெக்கின் வீட்டில் தொழில்காரர்கள் சிலர் டீ குடித்துவிட்டுக் கடலுக்கு இறங்கினார்கள். நாங்கள் பஸ் ஏறினோம்.

துபாய் ஏர்போர்ட்டில் பிரியும்போது மைனி, "போயி சேந்ததும் அடிக்கேன்" என்றாள். சரி என்றேன். எப்போதும் சொல்வதுதானே.

நான் புஜைரா கேம்ப்புக்கு வந்து சேர்ந்தபோது மறுநாள் டியூட்டிக்கான பஸ் லிஸ்டில் என் பெயர் போட்டிருந்தார்கள். அப்படித்தான் இருக்கும், யாருக்காகவும் பம்ப் நிற்காது. சாயங்காலம் கடற்கரைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். வெளியே கப்பல்கள் வரிசையாக நங்கூரத்தில் நின்றன. அண்ணன் சாமான் ஏற்றிப் போன அதே கப்பல்கள்தான், அல்லது அதே மாதிரி வேறு கப்பல்கள். வாந்தி எடுக்கிறவன் என்று என்னைக் கேலி செய்ய இனி ஆள் இல்லை. அது அப்போதுதான் முழுசாக உறைத்தது.

ஃபோன் அடித்தது. குவைத் நம்பர். சேர்ந்துவிட்டாள், நல்லது என்று நினைத்து அது நிற்கக் காத்திருந்தேன். நிற்கவில்லை. இரண்டு. மூன்று. கட் பண்ண மறந்துவிட்டாளோ என்று பார்த்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. என் விரல் எடுக்கப் போய்ப் போய்த் திரும்பியது, இத்தனை வருஷப் பழக்கம். பிறகு எடுத்தேன்.

"எடுத்துட்டியா" என்றாள் மைனி.

"எடுத்துட்டேன்."

"இனி எப்ப அடிச்சாலும் எடு."

"சரி மைனி."

அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் ஃபர்வானியாவில் டாக்சிகள் ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு இந்தப் பக்கத்துக் கடல் கேட்டிருக்கும். இரண்டு பேரும் வைக்கவில்லை.